நடு அறைக்குப் பகல் வெளிச்சம்: எதை வாங்கலாம், எதற்குக் காசு கொடுக்க வேண்டாம்

20க்கு 50 அடி மனை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். முன்னால் ஹால், பின்னால் சமையலறை, நடுவில் ஒரு படுக்கையறையோ சாப்பாட்டு இடமோ. அந்த நடு அறையில் உச்சிவெயில் நேரத்திலும் டியூப்லைட் எரியும். தமிழ்நாட்டு ஊர்களில் வரிசையாகக் கட்டிய வீடுகள் பலவற்றின் நிலைமை இதுதான். அக்கிரகாரத்து வீடுகளும் இதேபோல நீளமாக, சுவரோடு சுவர் ஒட்டித்தான் இருந்தன. ஆனால் நடுவில் முற்றம் இருந்தது. முற்றத்தை அறையாக்கிக்கொண்ட பிறகு, போன வெளிச்சத்தைக் கடையில் விலைக்கு வாங்குகிறோம்.

கடையில் கிடைப்பவை கண்ணாடி ஓடு, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் ஷீட், கண்ணாடிச் செங்கல், கூரைத் திறப்பை மூடும் கண்ணாடி ஸ்கைலைட், மாடியிலிருந்து வெயிலைக் குழாய் வழியே அறைக்கு இறக்கும் லைட் பைப். ஒவ்வொன்றும் எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓட்டு வீட்டுக்குக் கண்ணாடி ஓட்டை மிஞ்ச ஒன்றுமில்லை. கான்கிரீட் தளத்துக்குக் கீழே மாட்டிக்கொண்ட அறைக்கு, நல்ல குழாய் கிடைத்தால், லைட் பைப். மாடிப்படிக்குக் கண்ணாடிச் செங்கல். பாலிகார்பனேட் துணி காயப்போடும் இடத்தோடு நிற்கட்டும். பெரிய கண்ணாடி ஸ்கைலைட்டை, கையில் பணம் இருக்கிறது என்பதற்காக மட்டும் போட வேண்டாம்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

இந்தக் கணக்கைப் போடாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் காட்டும் பெரிய அளவுதான் வீட்டுக்கு வந்து சேரும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2440 வெளிவானத்தின் வெளிச்சத்தை 8,000 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று குறைத்தே வைத்துக்கொண்டு, அதில் எத்தனை சதவீதம் உள்ளே வர வேண்டும் என்று சொல்கிறது. சமையலறைக்கு 2.5 சதவீதம், அதாவது 200 லக்ஸ். படிக்கும் அறைக்கு 1.9 சதவீதம், சுமார் 150 லக்ஸ். ஹாலுக்கு 0.625 சதவீதம், வெறும் 50 லக்ஸ்.

உங்கள் அறை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்று போதும். போனின் சென்சார் துல்லியமாக இருக்காதுதான். இங்கே நமக்குத் தேவை விகிதம் என்பதால் அது பரவாயில்லை. மேகம் மூடிய நாளில், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் படாத இடத்தில் ஓர் அளவு எடுங்கள். உடனே கீழே வந்து, மேஜை உயரத்தில் போனை மல்லாக்க வைத்து இன்னோர் அளவு. உள்ளே வந்ததை வெளியே வந்ததால் வகுத்து நூறால் பெருக்கினால் உங்கள் சதவீதம். வெயில் அடிக்கும் நாளில் எடுத்தால் கணக்கு பொய்யாகிவிடும். வெளியே எண் எகிறும், உள்ளே அந்த அளவுக்கு ஏறாது.

இனி மறுபக்கம். நம் ஊர் உச்சிவெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். மேலே ஒரே ஒரு சதுர அடி கண்ணாடி இருந்து, நேர்வெயில் அதன் வழியாக இறங்கினால், 9 வாட் எல்.இ.டி. பல்பு எட்டு எரிந்த அளவு வெளிச்சம் வரும். கூடவே 70 வாட் அளவுக்குச் சூடும் இறங்கும். ஒரு சதுர அடிக்கு இந்தச் சூடு பெரிய விஷயமில்லை, அறையில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பதைவிடக் குறைவுதான். அதையே 4க்கு 4 அடியாகப் போட்டால் 16 மடங்கு. உச்சிவெயிலில் 1,100 வாட்டைத் தாண்டும். தலைக்கு மேலே ஓர் இஸ்திரிப் பெட்டி விடாமல் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் ஏ.சி.யின் திறனில் மூன்றில் ஒரு பங்கை அந்தக் கண்ணாடியே தின்றுவிடும்.

குளிர்நாடுகளில் வெளிச்சமும் பற்றாக்குறை, சூடும் பற்றாக்குறை. அதனால் அங்கே பெரிய ஸ்கைலைட்டுக்கு அர்த்தம் உண்டு. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். கத்திரிக்கு முன்பே, கூரையில் இருக்கும் கண்ணாடிதான் வீட்டிலேயே அதிக வெயில் வாங்கும் பரப்பு. அதனால் நமக்கு ஒரே விதி: சின்னத் துளை, வெள்ளைச் சுவர். ஏ.சி. இல்லாத வீட்டில், மேலே போடும் கண்ணாடி தரைப்பரப்பில் 2 முதல் 3 சதவீதத்தைத் தாண்டத் தேவையில்லை. வணிகக் கட்டடங்களுக்கான 2017ஆம் ஆண்டு ஆற்றல் சேமிப்புக் கட்டட விதியே கூரையில் 5 சதவீதத்துக்கு மேல் ஸ்கைலைட் கூடாது என்கிறது.

கண்ணாடி ஓடு

மங்களூர் ஓட்டின் அதே வடிவத்தில் வார்த்த கண்ணாடி. ஒரு மண் ஓட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகினால் வேலை முடிந்தது. கொத்தனார்கூடத் தேவையில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி மறையும் பகுதி போக ஓர் ஓட்டில் வெளிச்சம் இறங்கும் பரப்பு சுமார் 0.6 சதுர அடி. 10க்கு 12 அடி அறைக்கு நான்கு ஓடு போட்டால் 2.4 சதுர அடி, தரைப்பரப்பில் சரியாக 2 சதவீதம். அதற்கு மேல் போகாதீர்கள். 'நான்கே இவ்வளவு வெளிச்சம் தருகிறதே, எட்டு போட்டால்?' என்று தோன்றும். எட்டு போட்ட வீட்டில் மே மாதம் மத்தியானம் பாயைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வர வேண்டியதுதான்.

நான்கையும் ஒரே இடத்தில் பொட்டாக வைக்க வேண்டாம். சுவரை ஒட்டிய வரிசையில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வையுங்கள். வெயில் தரையில் விழுந்தால் அங்கே ஒரு கண்கூசும் கட்டம்தான் மிஞ்சும், மற்ற இடம் இன்னும் இருட்டாகத் தெரியும். வெள்ளையடித்த சுவரில் விழுந்தால் அந்தச் சுவரே விளக்காகி அறை முழுக்கப் பரப்பும். கூரைச் சரிவு வடக்கு தெற்காக இருந்தால், வடக்குச் சரிவில் வையுங்கள்.

தவறுவது இங்கேதான்: ஓட்டின் பள்ளமும் வரம்பும் ஆலைக்கு ஆலை கொஞ்சம் மாறும். அளவு 16க்கு 10 அங்குலம் என்று கேட்டு வாங்கி வந்தால், பூட்டு வாய் பொருந்தாமல் விளிம்பில் நூலிழை இடைவெளி விட்டு நிற்கும். முதல் சாரலிலேயே உள்ளே சொட்டும். சிமென்ட் வைத்துப் பூசி அடைத்தால் வெயிலில் விரிய இடமில்லாமல் கண்ணாடி விரிசல் விடும். வீட்டிலிருந்து ஒரு மண் ஓட்டைக் கடைக்கு எடுத்துப்போய்ச் செருகிப் பார்த்து வாங்குவதுதான் வழி. கண்ணாடி ஓடு மண் ஓட்டைவிடக் கனம். ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பர் இற்றுப்போயிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அக்ரிலிக்கில் செய்த ஓடும் விற்கிறார்கள், விலை குறைவு, ஆனால் கீறல் விழுந்து மங்கும். குரங்கு நடமாட்டம் உள்ள ஊரில் மட்டும் எங்கள் வாக்கு அக்ரிலிக்குக்கு.

தகரக் கூரைக்கு இதற்கு இணையாக ஒன்று உண்டு, அது கடையில் கிடைக்காது. 2002இல் பிரேசில் மெக்கானிக் ஆல்ஃபிரடோ மோசர் கண்டுபிடித்த பாட்டில் விளக்கு. 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும் இரண்டு மூடி பிளீச்சும் ஊற்றி, கூரையில் ஓட்டை போட்டுப் பாதி வெளியே, பாதி உள்ளே நிற்கும்படி செருகுவது. நல்ல வெயிலில் 40 முதல் 60 வாட் குண்டு பல்புக்குச் சமம். பட்டறைக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் இதைவிட மலிவான வழி இல்லை.

பாலிகார்பனேட் ஷீட்

பழைய முற்றத்தையோ, வானம் பார்க்கத் திறந்து விட்ட ஓ.டி.எஸ். இடத்தையோ மூட எல்லோரும் முதலில் ஓடுவது இதற்குத்தான். தேனடை போல உள்ளே அறை அறையாக இருக்கும் 6 மில்லிமீட்டர் ஷீட் வெளிச்சத்தில் சுமார் 80 சதவீதத்தை விடும். பால் வெள்ளை நிறத்தில் அது பாதிக்குப் பக்கம். கண்ணாடியைப்போல உடையாது, கனமில்லை. குறை சொல்ல வேண்டியது பொருளைவிட அதைப் போடும் முறையைத்தான்.

கடையில் முதலில் எடை பாருங்கள். நல்ல 6 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு 1.3 கிலோ இருக்கும். 2.1 மீட்டர் அகலம், 5.8 மீட்டர் நீளமுள்ள முழு ஷீட் சுமார் 16 கிலோ. தராசில் 11, 12 காட்டினால், உள்ளே இருக்கும் சுவர்கள் காகிதம். அடுத்தது புறஊதாத் தடுப்புப் பூச்சு. பெரும்பாலான ஷீட்டில் அது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தைக் காட்ட, ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் காகிதத்தில் எழுத்து அச்சிட்டிருப்பார்கள். அது வானத்தைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் காகிதத்தை முதலிலேயே உரித்துப் போட்டுவிட்டு எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் மாட்டுவதுதான் வாடிக்கையாக நடக்கிறது. தலைகீழாக மாட்டிய ஷீட் சில வருடத்தில் மஞ்சளாகி, கையால் அழுத்தினால் அப்பளம்போல நொறுங்கும். அதற்காகக் காகிதத்தை மாட்டிய பிறகும் வாரக்கணக்கில் விட்டுவிட்டால் வெயிலில் வெந்து ஒட்டிக்கொள்ளும். மாட்டிய அன்றே உரிக்க வேண்டும்.

பாலிகார்பனேட் சூட்டில் நன்றாக விரியும். 3 மீட்டர் ஷீட் ஒன்று, விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் நடுவே 40 டிகிரி சூடேறினால், ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் நீளும். திருகு ஆணிக்கு அதே தடிமனில் ஓட்டை போட்டு இறுக்கினால், மத்தியானம் ஷீட் உப்பி 'டப் டப்' என்று சத்தம் போடும். நாளடைவில் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பும். ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, வாஷர் நசுங்காத அளவுக்கு முடுக்கினால் போதும்.

உள்ளறைகள் சரிவு ஓடும் திசையிலேயே ஓட வேண்டும். மேல் முனையை அலுமினிய டேப்பால் முழுக்க அடைத்து, கீழ் முனையில் காற்று போகிற வடிகட்டி டேப் ஒட்டுங்கள். இரண்டு முனையையும் திறந்து விட்டால் உள்ளே தூசியும் பாசியும் ஏறி, பச்சைக் கோடு கோடாகத் தெரியும். அதைக் கழுவ வழியே இல்லை. சரிவு மீட்டருக்கு 9 சென்டிமீட்டராவது வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் முற்றத்தை முழுக்க மூடினால் வீடு வேகும். சூடான காற்று மேலே போக முற்றம்தான் வழி. ஷீட்டைச் சுவரிலிருந்து ஓர் அடி தூக்கி, நாலு பக்கமும் கொசுவலை அடித்துத் திறந்து வையுங்கள். சாரல் அடிக்காமலிருக்க, ஷீட் சுவரைத் தாண்டி ஒன்றரை அடியாவது நீண்டிருக்க வேண்டும். மழைச் சத்தத்துக்கு மருந்து கிடையாது. ஐப்பசி மாதத்தில் கீழே உட்கார்ந்து போன் பேச முடியாது.

கண்ணாடிச் செங்கல்

190க்கு 190 மில்லிமீட்டர், 80 தடிமன். 10 மில்லிமீட்டர் இணைப்பு வைத்துக் கட்டினால் சதுர மீட்டருக்கு 25 கல். வெளிச்சம் வரும், உருவம் தெரியாது, திருடன் நுழைய முடியாது. மாடிப்படிச் சுவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

இது பாரம் தாங்காது என்பதைக் கொத்தனாருக்கு நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். மேலே பாரத்தைத் தாங்கும் கான்கிரீட் லிண்டல் கட்டாயம். இரண்டு பக்கமும் மேலேயும் ஃபோம் பட்டை வைத்து 10 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். சாதாரணச் செங்கல்போல நினைத்துத் தளர்வாகக் கலவை போட்டால், கண்ணாடி தண்ணீரை உறிஞ்சாது, கல் வழுக்கி இறங்கும். கலவை கெட்டியாக, உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். இரண்டு வரிசைக்கு ஒருமுறை 6 மில்லிமீட்டர் கம்பி படுக்கவைத்து, ஒரே நாளில் மூன்று நான்கு வரிசைக்கு மேல் ஏற்றாமல் விட்டால் சுவர் தூக்குக்குண்டில் நிற்கும்.

மேற்குச் சுவரில் வேண்டவே வேண்டாம். மாலை வெயில் அப்படியே உள்ளே வரும், திறந்து காற்று வாங்கவும் முடியாது. வடக்குச் சுவர் உத்தமம். மனை எல்லையை ஒட்டிய சுவரில் போட்டால், பக்கத்து மனைக்காரர் என்றைக்குச் சுவர் எழுப்புகிறாரோ அன்றோடு அது இருட்டு அலங்காரம்.

கண்ணாடி ஸ்கைலைட்

சூட்டுக் கணக்கை மேலேயே பார்த்துவிட்டோம். பாதுகாப்புக் கணக்கு இன்னொன்று. 'டஃப்பன்ட் கண்ணாடி சார், யானை ஏறி நின்றாலும் தாங்கும்' என்பார்கள். டஃப்பன்ட், அதாவது சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி, கெட்டிதான். ஆனால் அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நிக்கல் சல்ஃபைடு துகள் இருந்தால், யாரும் தொடாமலே ஒருநாள் வெடித்துச் சோளப்பொரியாக உதிரும். ஜன்னலில் உதிர்ந்தால் பெருக்கிக் கொட்டலாம், தலைக்கு மேலே உதிரக் கூடாது. கூரைக்கு லேமினேட்டட்தான் போட வேண்டும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பி.வி.பி. படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் படலத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். படலத்தின் தடிமன் 0.38 மில்லிமீட்டரின் மடங்குகளில் வரும். கூரைக்கு 1.52 கேளுங்கள். கொட்டேஷனில் 'லேமினேட்டட்' என்ற சொல் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

லேமினேட்டட்டுக்கு டஃப்பன்ட் கண்ணாடியை எடுத்தாலும், அதைப் பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது. தளத்தில் திறப்பைச் சுற்றிக் கரை கட்டி, பூசி முடித்து, அதன் பிறகே அளவெடுத்து ஆர்டர் கொடுங்கள். கரை 6 அங்குல உயரமாவது இருக்க வேண்டும், அடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு வேண்டும். சமதளமாகப் படுக்கவைத்த கண்ணாடியில் மழைத்தண்ணீர் தேங்கிக் காய்ந்து, செம்மண் வட்டம் வட்டமாகப் படியும்.

வீட்டின் முகப்புக்குப் போடும் நீலநிற ரிஃப்ளெக்டிவ் கண்ணாடியைப் பற்றியும் ஒரு வரி. அதில் பல ரகங்கள் வெளிச்சத்தில் 20, 30 சதவீதம்தான் உள்ளே விடும். சாதாரண 5 மில்லிமீட்டர் கண்ணாடி 90 சதவீதத்துக்குப் பக்கம் விடும். ஜன்னலைப் பெரிதாக வைத்துவிட்டு அதில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வது எந்த ஊர்க் கணக்கோ தெரியவில்லை.

லைட் பைப்

மொட்டைமாடியில் ஒரு குமிழ், தளத்தைத் துளைத்து இறங்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் குழாய், சீலிங்கில் ஒரு வட்ட விளக்குபோல் தெரியும் மூடி. 10 அங்குலக் குழாய்க்கு உச்சிவெயிலில் இரண்டு மூன்று எல்.இ.டி. பல்பு வெளிச்சம் எதிர்பார்க்கலாம். 14 அங்குலம் என்றால் பரப்பு இரட்டிப்பு, வெளிச்சமும் அப்படியே. மழைமூட்டத்தில் மங்கிவிடும், அப்போது ஸ்விட்சைப் போட வேண்டியதுதான்.

இதில் விலை கொடுக்க வேண்டியது குழாயின் உட்புறத்துக்கு. 10 அங்குலக் குழாய், 4 அடி நீளம், சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருந்தால் ஒளி ஐந்து முறை குழாயில் பட்டு இறங்கும். 25 டிகிரியில், அதாவது காலை எட்டு மணி வாக்கில், பத்துமுறை. ஒவ்வொரு முறையும் 98 சதவீதம் திரும்பினால், பத்து முறைக்குப் பிறகு 82 சதவீதம் மிஞ்சும். 90 சதவீதம் திருப்பும் அலுமினியம் என்றால் 35. சாதாரணத் தகட்டில் 85 என்றால் வெறும் 20. பார்வைக்கு மூன்று குழாயும் ஒரே பளபளப்பு. பிரதிபலிப்பு எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேளுங்கள். உள்ளூரில் ஏ.சி. டக்ட் தகட்டை வளைத்துச் செய்து தரும் குழாய் மாடிக்கு நேர் கீழே, இரண்டடி நீளத்துக்குள் இருந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் வீண். எல்போ வளைவு ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் தின்னும்.

பழைய தளத்தில் துளை போட, இயந்திரத்தால் வட்டமாக அறுத்தெடுக்கும் கோர் கட்டிங் ஆளைக் கூப்பிடுங்கள், சுத்தியல் வேண்டாம். கம்பிகள் 6 அங்குல இடைவெளியில் இருந்தால் 10 அங்குலத் துளையில் ஒன்றிரண்டு வெட்டுப்படும். பீமுக்கும் தூணுக்கும் பக்கத்தில் போகக் கூடாது, பால்கனித் தளத்தில் துளையே கூடாது. எந்த இடம் என்று பொறியாளர் ஒருவர் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுக் கொடுக்கட்டும். புது வீடு என்றால் கான்கிரீட் போடும் முன்பே இடம் விட்டு, நாலு பக்கமும் கூடுதல் கம்பி கட்டிவிட்டால் செலவே இல்லை.

குமிழின் இடத்தையும் யோசியுங்கள். டிசம்பரில் மத்தியானச் சூரியன் சென்னையில் தெற்கே 53 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். தெற்குக் கைப்பிடிச்சுவர் 3 அடி என்றால் நிழல் இரண்டேகால் அடிக்கு விழும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் இன்னும் நீளம். அடுத்த வருடம் சோலார் பேனல் மாட்டப்போகிறீர்கள் என்றால் அதன் வரைபடத்தோடு சேர்த்தே குமிழுக்கு இடம் குறியுங்கள். கீழ் மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் ஈசல் உள்ளே போய்ச் செத்துக் கிடக்கும், கீழிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் தெரியும்.

இவை எதுவும் வேண்டாமே?

வீடு இன்னும் கட்டிமுடியவில்லை என்றால் பாதிப் பிரச்சினையை லிண்டலே தீர்க்கும். ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம்தான் வெளிச்சம் உள்ளே போகும். வழக்கமான 7 அடி லிண்டலுக்கு 14 முதல் 17 அடி. ஜன்னலுக்கு மேல் வென்டிலேட்டர் சேர்த்து அதை எட்டரை அடிக்கு ஏற்றினால் இன்னும் மூன்று அடி கிடைக்கும். ஜன்னலை அகலமாக்கினால் இது கிடைக்காது.

கட்டிமுடிந்த வீட்டுக்கு, மேலே சொன்ன எதையும் வாங்கும் முன் ஒரு வாளி பெயின்ட் வாங்கிப் பாருங்கள். வெள்ளைச் சீலிங் 80 சதவீதத்துக்கு மேல் வெளிச்சத்தைத் திருப்பும், தேக்குநிறப் பலகை 20ஐத் தாண்டாது. சில பெயின்ட் கம்பெனிகளின் நிற அட்டையில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், அது இந்தச் சதவீதம்தான். சீலிங்குக்கு 85, சுவருக்கு 70க்குக் குறையாத நிறம் எடுங்கள். கண்ணாடி ஓட்டுக்கோ லைட் பைப்புக்கோ எதிரே இருக்கும் சுவருக்கு மட்டும் பளபளப்பு இல்லாத மேட் வெள்ளை. பளபளப்பான எனாமல் அடித்தால் சுவரில் ஒரு சூரியன் தெரியும், அறை அப்படியே இருட்டாக இருக்கும்.